வெள்ளவத்தையில் நால்வர் சேர்ந்து வீடு எடுப்பது: ஒப்பந்தம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

மட்டுநகர் மாணவி:

வணக்கம். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் ஆண்டுக்குச் செல்கிறேன். முதலாம் ஆண்டில் கிடைத்த விடுதி இடம் இவ்வருடம் இல்லை. மட்டக்களப்பு, வவுனியா, மன்னார், ஹற்றன் ஆகிய இடங்களைச் சேர்ந்த நாங்கள் நான்கு பெண்கள் ஒன்றாகத் தங்க விரும்புகிறோம். இரண்டு இடங்கள் அமைந்துள்ளன. ஒன்று, வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதிப் பக்கம் ஒரு வீட்டின் பின்புற அனெக்ஸ். இரண்டு அறைகள், தனி வாசல், சமைப்பதற்கும் வசதி உண்டு. ஆனால் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தமும் ஒருவர் பெயரில்தான் எழுதப்படுமாம். மற்றையது நுகேகொடையில் ஆளுக்கொரு கட்டில் என்று பணம் வாங்கும் போர்டிங். சாப்பாடு தருவார்கள், முற்பணம் ஒரு மாதம் மட்டுமே, ஆனால் இரவு ஏழு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மகாபொல புலமைப்பரிசில் பணம் உயர்ந்த பின்னரும் வாடகையின் பெரும்பகுதி வீட்டிலிருந்தே வருவதால், பெற்றோரிடம் பெரிய தொகையை ஒரு தடவைதான் கேட்க முடியும். ஒருவர் பெயரில் எழுதுவதால் சிக்கல் வருமா? மின்கட்டணத்தை எப்படிப் பிரிப்பது?

ஹைலெவல் வீதி:

தங்கச்சி, தூரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நுகேகொடையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள தும்முல்லைச் சந்திக்கு நேராக வரும். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே 100 அல்லது 101இல் பம்பலப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து நடந்துவிடலாம். ரயிலென்றால் அடுத்த நிலையமே பம்பலப்பிட்டிதான். ஏழு மணிக் கட்டுப்பாடு வேறு விடயம். செய்முறை வகுப்பு முடிந்து நூலகத்தில் சற்றுநேரம் இருந்துவிட்டு மாலை நெரிசலில் ஹைலெவல் வீதியால் திரும்பும் ஒருவருக்கு அந்த நேரம் போதாது என்பதே என் கருத்து.

நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது மின்மானியை. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிமுறையாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்கும் உயர்ந்த வீதத்திலேயே கணக்கிடப்படும். 90, 120, 180 என்று மேலே செல்லச் செல்ல வீதம் இன்னும் கூடும். அனெக்ஸுக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே மானி என்றால், வீட்டுக்காரரின் குளிரூட்டியும் உங்கள் ரைஸ் குக்கரும் ஒரே பட்டியலில் சேர்ந்து, நீங்கள் பாவித்த சில அலகுகளுக்கும் உச்சப் படியின் விலை கேட்கப்படலாம். அனெக்ஸின் பாவனையை மட்டும் தனியே அளக்கும் உபமானி இருக்கிறதா, அலகுக்கு எவ்வளவு, அந்தத் தொகை எப்படி வந்தது என்பவற்றை முற்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கட்டணத்தை நால்வருக்குள் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை மணிநேரம் மின்விசிறி போட்டார்கள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் பரீட்சைக்கு முன்பே நட்பு முடிந்துவிடும்.

சட்டத்துறையிலிருந்து ஒருவர்:

ஒப்பந்தம் குறித்து மட்டும் எழுதுகிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை இரண்டு சாட்சிகள் முன்னிலையில், நொத்தாரிசு ஒருவரால் அத்தாட்சிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை ஒட்டி வீட்டில் வைத்துக் கையொப்பமிடும் தாள் ஓராண்டுக் குத்தகையாகச் செல்லாது. நீங்கள் குடியேறி வாடகை செலுத்தினால் அது மாதாந்த வாடகைக் குடியிருப்பாகவே கொள்ளப்படும். ஆறு மாத முற்பணம் கொடுப்பவர்கள் நொத்தாரிசுக் கூலியை மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

ஒருவர் பெயரில் எழுதினால் வாடகை நிலுவை, உடைந்த பொருள், முன்கூட்டியே வெளியேறுவது எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. மற்ற மூவருக்கோ வீட்டுக்காரருக்கு எதிராக எந்த உரிமையும் இராது. நால்வரையும் குத்தகைக்காரராகச் சேர்க்கக் கேளுங்கள். மறுத்தால், மூவரும் அங்கு வசிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்ற வாசகத்தையாவது அவர்களுடைய பெயர், அடையாள அட்டை இலக்கத்துடன் உள்ளே எழுதுவியுங்கள். உப வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருப்பதால், இந்தச் சம்மத வாசகம் இல்லாவிட்டால், பின்னர் அந்த நிபந்தனையையே உங்களை வெளியேற்றக் காரணமாகக் காட்டலாம். முற்பணம் மாத வாடகையில் கழிக்கப்படுமா, கடைசியில் முழுவதும் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குப் புறம்பாக உங்கள் நால்வருக்குள்ளும் ஒரு தாள் வேண்டும்: முற்பணத்தில் யாருடைய பங்கு எவ்வளவு, இடையில் விலகுபவரின் பங்கை அவருக்குப் பதிலாக வருபவர் கொடுப்பாரா என்பவை அதில் இருந்தால் போதும்.

வெள்ளவத்தை வீட்டுக்காரி:

பிள்ளை, எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஒரு பெயர் கேட்பது உங்களை மாட்டிவிட அல்ல. ஒருவர் போய் இன்னொருவர் வந்து, ஆறு மாதத்தில் எனக்கு முகம் தெரியாத நால்வர் வீட்டில் இருக்கும் நிலை வந்துவிடுகிறது. பொலிஸார் குடியிருப்பாளர் விபரம் கேட்டால் வீட்டுக்காரர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். 2007 ஜூனில் விடுதிகளில் தங்கியிருந்த நம் தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததையும் இங்கிருந்து பார்த்தவர்களுக்கு, பதிவில்லாமல் ஒருவரை வைத்திருக்க இன்றும் மனம் வராது. நால்வரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் முதல் நாளே கொடுத்து, யாராவது ஒருவருடைய தாய் அல்லது தகப்பன் நேரில் வந்து பேசினால், ஆறு மாதத்தை மூன்றாகக் குறைக்கப் பல வீட்டுக்காரர்கள் இணங்குவார்கள், நான் இணங்கியிருக்கிறேன். சைவ வீடா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் பொரித்த பிறகு வரும் பிரச்சினை வாடகைப் பிரச்சினையைவிடப் பெரியது.

மட்டுநகர் மாணவி:

அனைவருக்கும் நன்றி. மன்னார்த் தோழியின் தந்தை நேற்று வந்து பேசினார். நான்கு பெயருக்கும் நான்கு மாத முற்பணத்துக்கும் சம்மதித்துவிட்டார்கள். நொத்தாரிசுக் கூலி எங்களுடையது. ஆனால் உபமானி இல்லை. அதைப் பூட்டும் செலவை யார் ஏற்பது வழக்கம்?

வெள்ளவத்தை வீட்டுக்காரி:

மானி வீட்டோடு தங்குவதால் வீட்டுக்காரர் ஏற்பதுதான் நியாயம். தயங்கினால் நீங்கள் பூட்டி, முதல் மாத வாடகையில் கழிப்பதாக ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள். மின்வேலை செய்தவரின் பற்றுச்சீட்டையும், மானி முதல்நாள் காட்டிய எண்ணின் படத்தையும் வைத்திருங்கள்.