மாடு செத்த நிவாரணம்: பட்டியல்ல பேர் இருக்கு, பாஸ்புக்ல பணம் இல்ல

நாகலூர்க்காரர்:
ஃபெஞ்சல் புயல் மழையில கொட்டகைச் சுவர் சரிஞ்சு அப்பாவோட கறவை மாடு ஒண்ணும் வெள்ளாடு 4ம் செத்துப்போச்சுங்க. டாக்டர் சான்று, வி.ஏ.ஓ. அறிக்கை எல்லாம் கொடுத்தாச்சு. தாலுகா ஆபீஸ்ல 'தொகை அனுப்பியாச்சு'ங்கறாங்க. ஏற்காடு பேங்க் கணக்குல ஒரு ரூபாயும் ஏறல. எவ்வளவு வரணும், எங்க தேடணும்?

ஆத்தூர் பால்மாடு:
ஃபெஞ்சல் நிவாரணத்துல மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. உங்களுக்கு 37,500 + 16,000, ஆக 53,500 வரணும்.

தாலுகா ஆபீஸ்ல ஒரே கேள்வி கேளுங்க: ஆதார் வழியா அனுப்பினீங்களா, கணக்கு எண் போட்டு அனுப்பினீங்களா? ஆதார் வழின்னா மனுவுல எழுதின கணக்குக்குப் போகாது. கடைசியா ஆதாரை எந்தக் கணக்குல இணைச்சாரோ அங்கதான் விழும். மைஆதார் தளத்துல 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாத்தா பேங்க் பேரு தெரியும். அப்பா நூறு நாள் வேலைக்குப் போறவர்னா இன்னும் சுலபம், அந்தக் கூலி ஏறுற கணக்கைப் பாருங்க.

வாழப்பாடி இ-சேவை:
கணக்கு எண் போட்டு அனுப்பியிருந்தா யு.டி.ஆர். நம்பர் (பணம் அனுப்பினதுக்கான அடையாள எண்) வாங்கிக்கோங்க. பணம் சேந்துச்சா, திரும்பிச்சான்னு அதை வச்சு பேங்க்ல சொல்லிருவாங்க. பெரும்பாலும் ஐ.எஃப்.எஸ்.சி.ங்கற பேங்க் கிளை குறியீட்டுலதான் கோளாறு. மொத்தம் 11 எழுத்து, அஞ்சாவது எப்பவும் பூஜ்யம். அங்க ஆங்கில 'ஓ' விழுந்தா திரும்பிரும். பேங்க் இணைப்புக்கு முன்னாடி அடிச்ச பாஸ்புக்ல இருக்கறது பழைய எண், அதை நம்பாதீங்க. ரெண்டு வருஷமா வரவு செலவு இல்லாத கணக்குன்னா முடங்கியிருக்கும், கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தா திறந்துரும்.

நாகலூர்க்காரர்:
ரொம்ப நன்றிங்க. நூறு நாள் கூலி வர்ற கணக்குல 37,500 இருக்கு! ஆட்டுப் பணம் 16,000 மட்டும் காணோம்.

ஆத்தூர் பால்மாடு:
அப்ப கணக்குல கோளாறு இல்ல, ஆடு பட்டியல்ல ஏறாம இருந்திருக்கலாம். சான்றை எடுத்துப் பாருங்க. மாட்டுச் சான்றுக்குக் கீழ 'மற்றும் ஆடுகள்'னு ஒரு வரி மட்டும் இருந்தா பட்டியல்ல விட்டுப்போக வாய்ப்பிருக்கு. எத்தனை ஆடு, என்ன நிறம், எதனால செத்துச்சுன்னு டாக்டர்கிட்ட தனியா எழுதி வாங்குங்க. 'மழையில சுவர் இடிஞ்சு'ங்கறது அதுல கட்டாயம் வரணும். நோயால செத்ததுக்கு இந்த நிவாரணம் கிடையாது.

வாழப்பாடி இ-சேவை:
அதோட பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல், செத்த ஆட்டுப் படம் சேத்து தாசில்தாருக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிருங்க. மனு நகரலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல பதிவு பண்ணுங்க. முதல்வர் உதவி எண் 1100லயும் சொல்லலாம். மனு அப்பா பேர்லயே இருக்கட்டும், உங்க கணக்கைக் கொடுத்துறாதீங்க.

கருமந்துறை:
போஸ்ட்மார்ட்டம் பண்ணாம புதைச்சுட்டா?

ஆத்தூர் பால்மாடு:
கஷ்டங்க. படம், வி.ஏ.ஓ. பாத்து எழுதின அறிக்கை, அக்கம்பக்கத்து வாக்குமூலம் இதுகளை வச்சுத்தான் கேக்கணும். இனிமே செத்த அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க. காதுல மாட்டியிருக்கற அடையாளத் தோட்டோட 12 இலக்க எண் தெரியற மாதிரி படம் எடுக்கற வரைக்கும் குழி வெட்ட வேணாம்.