பழைய மினி எக்ஸ்கவேட்டர்: உதிரிபாகம் வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

ஏர்முனை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 1.7 டன் எடையுள்ள பழைய மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றை அண்மையில் வாங்கினேன். மீட்டரில் 4,100 மணி நேரம் பதிவாகியுள்ளது. அது எவ்வளவு உண்மை என்பது முன்பு வைத்திருந்தவருக்கே வெளிச்சம். எஞ்சின் உடனே எடுக்கிறது, புகையும் இல்லை. ஆனால் வலப்பக்க ரப்பர் ட்ராக் கிழிந்து உள்ளிருக்கும் எஃகுக் கம்பிகள் வெளியே தெரிகின்றன. பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஆட்டினால் மூட்டுகளை இணைக்கும் எஃகுப் பின்கள் கடகடவென்று ஆடுகின்றன. இரண்டு லீவரையும் ஒன்றாக முன்னே தள்ளி நேராக ஓட்டினாலும் வண்டி இடப்பக்கமாகவே இழுத்துச் செல்கிறது.

உதிரிபாகம் விற்பவர் ஒருவர், நான் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில், இடப்பக்க டிராவல் மோட்டாரை (ட்ராக்கை ஓட்டும் ஹைட்ராலிக் மோட்டார்) முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். வண்டியை அவர் வந்து பார்க்கவில்லை. இவை தவிர, கல் உடைக்கும் சிறிய பிரேக்கர் ஒன்றையும் பொருத்த விரும்புகிறேன். எதை முதலில் செய்வது, எதற்கு ஒரிஜினல் பாகம் வேண்டும், எதற்கு வெளித்தயாரிப்பு போதும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ட்ராக்கின் மீது அச்சிட்டிருந்த அளவு தேய்ந்து அழிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிரீஸ்கன் எழுதியது:

அச்சு அழிந்தாலும் அளவு அழியாது. ரப்பர் ட்ராக்கின் அளவை அகலம், பிட்ச், கண்ணிகளின் எண்ணிக்கை என்ற மூன்று எண்களால் குறிக்கிறார்கள். 230 × 48 × 66 என்றால் அகலம் 230 மி.மீ., ஒரு கண்ணியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 48 மி.மீ., மொத்தக் கண்ணிகள் 66 என்று பொருள். பிட்சையும் எண்ணிக்கையையும் பெருக்கினால் சுற்றளவு 3,168 மி.மீ. கிடைக்கும். இப்போது 230 × 72 × 44 என்று ஒரு ட்ராக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கும் அதே அகலம், அதே 3,168 மி.மீ. சுற்றளவு. சுருட்டி வைத்திருக்கும் நிலையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வண்டியில் மாட்டவும் மாட்டலாம். ஆனால் 48 பிட்சுக்கு வெட்டிய ஸ்பிராக்கெட்டின் (ட்ராக்கை ஓட்டும் பல்சக்கரம்) பற்கள் 72 பிட்ச் ட்ராக்கின் துளைகளில் ஒழுங்காக உட்காரா. ஆகவே "அகலமும் நீளமும் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

பிட்சை ஒரே கண்ணியில் அளக்காதீர்கள். பத்துக் கண்ணிகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால்தான் 52.5 என்பதை 52 என்றோ 53 என்றோ தவறாகப் படிக்காமல் இருப்பீர்கள். கண்ணிகளை எண்ணும்போது முதல் கண்ணியில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுவிட்டு எண்ணுவது நல்லது. நான் குறியிடாமல் எண்ணி, ஒன்றைக் கூட்டிச் சொல்லி, பொருத்த முடியாத ட்ராக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று எண்களும் ஒத்துப்போனாலும் வேலை முடிந்துவிடாது. 300 × 52.5 என்ற அளவிலேயே என், டபிள்யூ, கே என்று வெவ்வேறு பின்னொட்டுகளோடு ட்ராக்குகள் விற்கப்படுகின்றன. உட்புறத்தில் துருத்தி நிற்கும் வழிகாட்டிகளின் இடைவெளியும் உயரமும் இவற்றில் மாறுபடும். ட்ராக்கின் உட்புறம் உருளும் உங்கள் ரோலர் உள்ளிருக்கும் எஃகின் மீது ஓடுகிறதா, ரப்பர் மீது ஓடுகிறதா என்பதையும் பார்த்துச் சொன்னால்தான் விற்பவரால் சரியானதைத் தர முடியும்.

கம்பி தெரிய ஆரம்பித்த ட்ராக்கில் ஈரம் உள்ளே புகுந்து துருவேறும். அது அறுந்து போவது காலத்தைப் பொறுத்த விஷயம்தான். ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதிய ட்ராக்கையும் அது தின்றுவிடும். ரோலரின் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா, கையால் சுழற்றினால் சுழல்கிறதா என்று பார்த்தால் போதும்.

ட்ராக்கைக் கழற்றும்போது ஒரு கவனம் தேவை. அதை இறுக்கி வைத்திருப்பது ஒரு சிலிண்டருக்குள் அடைபட்ட கிரீஸ். அதன் அழுத்தம் மிக அதிகம். வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், முகத்தை அதன் நேரே வைக்காமல், கிரீஸ் மெல்ல வழியும் வரை காத்திருங்கள். புதியதை மாட்டிய பிறகு அந்தப் பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கி, நடு ரோலருக்கும் ட்ராக்கிற்கும் இடையிலுள்ள தொய்வை அளக்க வேண்டும். இந்த அளவு வண்டிகளுக்குப் பல கையேடுகள் 10 முதல் 15 மி.மீ. வரை என்று சொல்கின்றன. உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

ட்ராக், பக்கெட், பற்கள் ஆகியவற்றுக்கு வெளித்தயாரிப்பே போதும் என்பது என் கருத்து. ஆனால் ட்ராக்கின் உள்ளே எஃகுக் கம்பி இணைப்பில்லாமல் ஒரே தொடராகச் சுற்றப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நீரியல் எழுதியது:

இடப்பக்க மோட்டாரை வாங்க அவசரப்பட வேண்டாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் மெதுவாக ஓடுகிறது என்பது மட்டுமே உறுதி. அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதற்கு மோட்டாரைத் தவிர வேறு நான்கைந்து காரணங்கள் இருக்கின்றன.

மினி எக்ஸ்கவேட்டர் பலவற்றில் இரண்டு பிஸ்டன் பம்புகள் தலைக்கு ஒரு ட்ராக்கை ஓட்டுகின்றன. மூன்றாவதாக உள்ள கியர் பம்பு மேற்பகுதியைச் சுழற்றுவதற்கும் பிளேடுக்கும் எண்ணெய் தருகிறது. அந்த இரண்டு பம்புகளே பூம் (வண்டியோடு சேர்ந்த கை), ஆர்ம் (அதன் முன்பகுதி), பக்கெட் ஆகியவற்றுக்கும் எண்ணெய் கொடுப்பதால், ஒரு பம்பு தளர்ந்திருந்தால் ட்ராக் மட்டுமன்றி அதோடு பங்கிடும் வேறொரு வேலையும் சோர்ந்திருக்கும். பம்பிலிருந்து வரும் எண்ணெய் கன்ட்ரோல் வால்வைக் கடந்து, மேற்பகுதி சுழல இடம் தரும் சென்டர் ஜாயின்ட் வழியாகக் கீழே இறங்கித்தான் மோட்டாரை அடைகிறது. அந்த ஜாயின்ட்டின் சீல் உள்ளுக்குள்ளேயே கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, ட்ராக் மட்டும் வலுவிழக்கும்.

எனவே முதலில் எண்களைத் திரட்டுங்கள். எண்ணெய் சூடேறிய பிறகு பூமை ஒரு பக்கமாகத் திருப்பி ஊன்றி, ஒரு ட்ராக்கைத் தரையிலிருந்து தூக்குங்கள். ட்ராக்கில் ஒரு குறியிட்டு, ஐந்து சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று முன்னோக்கியும் பின்னோக்கியும், ஆமைப் படம் போட்ட மெதுவேகத்திலும் முயல் படம் போட்ட அதிவேகத்திலும் அளந்து எழுதுங்கள். பிறகு மறுபக்கத்துக்கும் அதையே செய்யுங்கள். எஞ்சின் வேகம் எல்லா முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடும் ட்ராக்கின் அருகே யாரும் நிற்கக் கூடாது.

முன்னோக்கி மட்டும் மெதுவாக இருந்தால் வால்வுப் பக்கம் சந்தேகப்படலாம். எல்லா நிலையிலும் மெதுவாக இருந்தால், கன்ட்ரோல் வால்விலிருந்து போகும் இடது, வலது ஹோஸ்களை இடம் மாற்றிப் பாருங்கள். குறை மறுபக்கம் போய்விட்டால் கோளாறு பம்பிலோ வால்விலோ இருக்கிறது. அதே பக்கம் தங்கிவிட்டால் ஜாயின்ட்டிலோ மோட்டாரிலோ இருக்கிறது. அதற்குப் பிறகே மோட்டாரின் கேஸ் டிரெயின் ஹோஸில் (கூட்டுக்குள் கசியும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய்) எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று இரு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். உள்ளே தேய்ந்த மோட்டாரில் அது கணிசமாக அதிகரித்திருக்கும்.

எந்த ஹோஸைத் தொடும் முன்னும் பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். நுண்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டைத்துண்டைப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் பாய்ந்த எண்ணெய் சிறு புள்ளி போலத்தான் தெரியும், ஆனால் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. மோட்டாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களில் ஒன்று கேஸ் டிரெயின், மற்றொன்று வேகமாற்றத்துக்கானது. கழற்றும் முன் அடையாளம் கட்டுங்கள். மாற்றி மாட்டினால் மோட்டாரின் கூட்டுக்குள் பைலட் அழுத்தம் (வேகமாற்றத்தை இயக்கும் கட்டுப்பாட்டு எண்ணெயின் அழுத்தம்) ஏறி சீல் பிதுங்கிவிடும்.

கடைசல் எழுதியது:

பின் ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பின்னைக் கழற்றி வெர்னியர் காலிப்பரால் தேயாத ஓரத்திலும் தேய்ந்த நடுவிலும் அளந்தால் பின் எவ்வளவு இழந்தது என்று தெரிந்துவிடும். புஷ்ஷின் (பின் உட்காரும் உலோக வளையம்) உட்புறத்தை ஒரே திசையில் அளக்காமல், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளங்கள், ஏனெனில் அது வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில்தான் தேயும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை ஷிம் வாஷர் போட்டுக் குறைக்கலாம். மேலும் கீழுமான ஆட்டத்துக்கு ஷிம்மால் எந்தப் பயனும் இல்லை.

புஷ் அமரும் துளையே அகன்றிருந்தால் புதிய புஷ் சில நாட்களில் கழன்று சுழலத் தொடங்கும். அப்போது துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, இருந்த இடத்திலேயே லைன் போரிங் (துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைதல்) செய்வதுதான் வழி. நல்ல துளையாக இருந்தால் புஷ்ஷைக் குளிரூட்டிச் சுருக்கி, படி வைத்துக் கடைந்த உருளையால் தள்ளி உள்ளே ஏற்றுங்கள். சுத்தியலால் நேரடியாக அடித்தால் கடினப்படுத்திய விளிம்பு உடையும். கிரீஸ் துளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள், ஏற்றிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஏர்முனை எழுதியது:

நீரியல் அவர்களே, நீங்கள் சொன்னபடி அளந்தேன். மெதுவேகத்தில் ஐந்து சுற்றுக்கு வலப்பக்கம் 27 நொடியும் இடப்பக்கம் 28 நொடியும் ஆகின்றன. அதிவேகத்தில் வலப்பக்கம் 15 நொடி, இடப்பக்கம் அதே 28 நொடி. பின்னோக்கி ஓட்டினாலும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான். நான் எப்போதும் முயல் நிலையிலேயே வைத்து ஓட்டியதால், மெதுவேகத்தில் வண்டி நேராகப் போகிறது என்பதே எனக்கு இதுவரை தெரியாது. ட்ராக் 230 × 48 × 66 என்று அளந்து உறுதி செய்துவிட்டேன்.

நீரியல் எழுதியது:

மோட்டார் தேய்ந்திருந்தால் மெதுவேகத்திலும் பின்தங்கியிருக்கும். உங்கள் இடப்பக்க மோட்டார் அதிவேகத்துக்கு மாறவே இல்லை. இழுப்புக்கு அதுவே காரணம். அதிவேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பைலட் அழுத்தம் மோட்டாருக்குள் இருக்கும் ஸ்பூலை (எண்ணெயின் வழியை மாற்றும் உருளைத் தண்டு) நகர்த்துகிறது. அது ஸ்வாஷ் பிளேட்டின் (பிஸ்டன்களின் ஓட்ட நீளத்தைத் தீர்மானிக்கும் சாய்ந்த தட்டு) சாய்வைக் குறைக்கிறது. சாய்வு குறைந்தால் ஒரு சுற்றுக்குத் தேவைப்படும் எண்ணெய் குறைகிறது, அதனால் அதே அளவு எண்ணெயில் மோட்டார் வேகமாகச் சுழல்கிறது. வலப்பக்கம் மாறுவதால், பொதுவாக ஜாயின்ட்டைக் கடந்த பிறகே இரண்டாகப் பிரியும் அந்தப் பைலட் கோடு ஜாயின்ட் வரை சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். வேகமாற்ற ஹோஸ்களை இடம் மாற்றிப் பாருங்கள். இடது மோட்டார் அப்போதும் மாறாவிட்டால் அதன் வேகமாற்ற ஸ்பூலைக் கழற்றிப் பார்ப்பதே அடுத்த வேலை.

ஏர்முனை எழுதியது:

ஸ்பூல்தான். கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தது. சுத்தம் செய்து, இரண்டு ஓ-ரிங்குகளை மாற்றி மாட்டினேன். இப்போது இரு பக்கமும் 15 நொடி. மோட்டாரை வாங்காமல் தப்பித்தேன். இனி பிரேக்கரைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பாறைச்சில்லு எழுதியது:

பிரேக்கரை எடையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அதிகம். தயாரிப்பாளர் குறிப்பிடும் வண்டி எடை வரம்புக்குள் உங்கள் வண்டி வருகிறதா என்பது முதல் கேள்விதான் என்றாலும், எத்தனை லிட்டர் எண்ணெய் கேட்கிறது, எந்த அழுத்தத்தில் வேலை செய்கிறது என்பவையும் அதே அளவு முக்கியம். நிமிடத்துக்கு 30 லிட்டரை 120 பார் அழுத்தத்தால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் 6 கிலோவாட். இந்த எடையுள்ள வண்டிகளில் காணப்படும் குபோட்டா டி902 போன்ற 3 சிலிண்டர், 898 சி.சி. எஞ்சின் தருவதே ஏறத்தாழ 12 கிலோவாட் என்பதால், பாதித் திறன் பிரேக்கருக்கே போய்விடும். அதைவிடப் பெரிய பிரேக்கரைப் போட்டால் அடி மெதுவாக விழும், எண்ணெயும் சூடேறும்.

பொருத்தும் இடத்தில் பின்னின் விட்டம், இரண்டு பின்களின் நடுவிடைத் தூரம், ஆர்ம் முனையின் அகலம் ஆகிய மூன்றையும் கொடுத்துத்தான் பிராக்கெட் செய்யச் சொல்ல வேண்டும். அதனால், கடைசல் அவர்கள் சொன்னபடி பின்னையும் புஷ்ஷையும் மாற்றும் வேலை முடிவதற்கு முன் இந்த அளவுகளை எடுக்க வேண்டாம். தேய்ந்த பின்னை அளந்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும்.

உங்கள் ஸ்பூலில் கிடைத்த ரப்பர்த் துணுக்குகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. அவை பழைய ஹோஸ் ஒன்றின் உட்புறத்திலிருந்தோ சென்டர் ஜாயின்ட்டின் சீலிலிருந்தோ வந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து மாற்றி, எண்ணெயையும் ரிட்டர்ன் ஃபில்டரையும் புதிதாக்கிய பிறகே பிரேக்கரை மாட்டுங்கள். பிரேக்கர் வேலையில் எண்ணெய் விரைவில் கெடுவதால், ஃபில்டர் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லித்தான் கையேடுகளும் எழுதுகின்றன. சீலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் நான் ஒரிஜினலையே வாங்குவேன்.

ஓட்டும்போது உளியைக் கல்லுக்குச் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள்; கல் உடைந்ததும் உடனே நிறுத்துங்கள், ஏனெனில் வெறுமையாக அடிக்கும் அடி முழுவதும் பிரேக்கரின் உடம்பிலேயே விழும். உளியை நெம்புகோலாகப் பயன்படுத்தக் கூடாது. சிலிண்டர் கடைசிவரை நீண்ட நிலையில் அடிக்கவும் கூடாது.

ஏர்முனை எழுதியது:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை: என் வண்டியின் துணை ஹைட்ராலிக் கோட்டை ஒரு பெடல் இயக்குகிறது, இடப்பக்கம் அழுத்தினால் ஒரு குழாயிலும் வலப்பக்கம் அழுத்தினால் மற்றொன்றிலும் எண்ணெய் வருகிறது. பிரேக்கருக்கு இதை அப்படியே பயன்படுத்தலாமா?

பாறைச்சில்லு எழுதியது:

அது இருவழிக் கோடு. மண்ணில் துளையிடும் ஆகருக்கும் சாயும் பக்கெட்டுக்கும் அதுதான் தேவை. பிரேக்கருக்கு ஒருவழி ஓட்டமே வேண்டும். திரும்பும் எண்ணெய் கன்ட்ரோல் வால்வுக்குள் நுழையாமல், ஃபில்டர் வழியாக நேரே தொட்டிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் எதிரழுத்தம் ஏறி அடியின் வலு குறையும். பல வண்டிகளில் இதற்கென்று ஒரு சிறிய தேர்வு வால்வு ஏற்கெனவே இருக்கும். பூமின் அடிப்பகுதியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதைப் பிரேக்கர் நிலைக்குத் திருப்பி வைத்து, பெடல் எதிர்ப்பக்கம் சாயாதபடி அதன் தடுப்பையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் மூவழி வால்வு ஒன்றைத் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும்.