கொழும்புப் பிள்ளைகளுக்கு எது நல்லது: தொலைக்காட்சி அலைவரிசையா, யூடியூப்பா?

கொட்டாஞ்சேனைத் தகப்பன்:
சிறு பிள்ளைகளின் கையிலிருந்து யூடியூப்பை எடுத்துவிட்டு, கூடத்துத் தொலைக்காட்சியின் முன் அவர்களை இருத்த வேண்டும் என்பதே என் கருத்து. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய காலத்திலிருந்து நிகழ்ச்சிக்கு ஒரு நேரம் இருந்தது. அது முடிந்ததும் பிள்ளை எழுந்து விளையாடப் போனது. இணையத்தில் ஒரு காணொளி முடிந்த கையோடு அடுத்தது தானாக ஓடுகிறது. பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது வீட்டாருக்குத் தெரிவதுமில்லை.

வெள்ளவத்தை வாசகி:
எந்த நிகழ்ச்சியின் முன் இருத்தச் சொல்கிறீர்கள், ஐயா? மாலையில் தமிழ் அலைவரிசைகளைத் திருப்பினால், மாமியார் மருமகள் சண்டையும் பழிவாங்கலும் நிறைந்த தொடர்களே வருகின்றன. சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த ரூபவாஹினியில் வெளிநாட்டுக் கேலிச்சித்திரங்களைச் சிங்களத்தில் குரல்மாற்றிக் கொடுத்தார். ஒரு தலைமுறையே அவற்றை இன்றும் நினைவுகூர்கிறது. நம் பிள்ளைகளுக்கு அப்படி யார் செய்தார்கள் என்று கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. என் மகள் கோள்களைப் பற்றித் தமிழில் பார்ப்பது இணையத்தில்தான். புரியாத இடத்தில் நிறுத்தி என்னிடம் கேட்கவும் அவளால் முடிகிறது. தானாக ஓடுவதை யூடியூப்பின் அமைப்பில் (settings) நிறுத்தி வைக்கலாம்.

கொட்டாஞ்சேனைத் தகப்பன்:
அமைப்பை மாற்றத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகளின் தரவுகளைத் திரட்டியதாக எழுந்த வழக்கைத் தீர்க்க, 2019இல் கூகுளும் யூடியூப்பும் அமெரிக்காவில் 170 மில்லியன் டொலர் செலுத்த இணங்கின. தொலைக்காட்சி விளம்பரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றேதான். அது பிள்ளையை வேவு பார்ப்பதில்லை.

பம்பலப்பிட்டி ஆசிரியை:
இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரையின் முன் அமரக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் அறிவுறுத்தியது. அதில் தொலைக்காட்சிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே பார்க்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

வெள்ளவத்தை வாசகி:
அதை ஏற்கிறேன். ஆனால் நேத்ராவும் வசந்தமும் அரச தமிழ் அலைவரிசைகள். இரவுச் செய்திக்கு முன் அரை மணித்தியாலம், நம் பிள்ளைகளுக்கென இங்கேயே தயாரித்த தமிழ் நிகழ்ச்சியொன்றை அவை தினமும் தரட்டும். வந்தால் நானே மகளைக் கூட்டிவந்து இருத்துவேன்.

கொட்டாஞ்சேனைத் தகப்பன்:
அப்படிக் கேட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதினால், அதில் நானும் கையெழுத்திடுவேன். ஆனால் அது வரும்வரை கைத்தொலைபேசியைக் கொடுக்க நான் உடன்படவில்லை.