எப்பாக்சி காயாது, இறுகும்

வணக்கம்.

மரவேலையில் வெடிப்பை அடைக்கவும் ஒட்டவும் மேலே பூசவும் நாம் பயன்படுத்தும் எப்பாக்சி இரண்டு திரவம், ஒன்று ரெசின், மற்றது ஹார்டனர். இரண்டையும் கலந்து வைத்தால் கல் மாதிரி ஆகிவிடும், அதைத்தான் ஆங்கிலத்தில் ‘க்யூர்’ ஆவது என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நமக்குள் நடக்கும் பேச்சில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. உலர்தல், பதப்படுத்துதல், உறைதல், கெட்டிப்படுதல். நான் மொழி படித்தவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமையானால் மொட்டைமாடிக் கொட்டகையில் இழைப்புளி தள்ளுகிறவன். அதனால் இலக்கணப் பக்கம் போகாமல், பட்டறையில் இந்தச் சொல் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். என் ஓட்டு ‘இறுகுதல்’ என்பதற்கு. காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் அக்கா மகன் ஒரு பலாப்பலகையை வாங்கி முக்காலி செய்தான். நடுவில் ஒரு வெடிப்பு. அதைக் கறுப்பு ரெசினால் அடைத்து, இழைத்து மட்டமாக்கி, மேலே தெளிவான எப்பாக்சி ஒரு பூச்சு ஊற்றினான். அடுத்து என்ன என்று போனில் கேட்டான். நான் ஏதோ அவசரத்தில், “நல்லா காய விடுடா” என்று சொல்லி வைத்துவிட்டேன். பையன் சொன்னதைச் செய்தான். காலை பதினொரு மணிக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் வைத்தான். சாயங்காலம் வந்த படத்தில் மேற்பரப்பு முழுவதும் கொப்புளம், பொரித்த அப்பளம் மாதிரி. மரம் சூடேறினால் அதன் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும், மேலே ரெசின் பாதி இறுகிய நிலையில் இருந்தால் குமிழி அப்படியே சிறைப்பட்டுவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மரத்தின் சூடு இறங்குகிற நேரத்தில், அதாவது சாயங்காலத்தில், ஊற்றுவார்கள். திட்டலாம் என்று கூப்பிட்டால் அவன், “நீங்கதானே மாமா காய விடச் சொன்னீங்க” என்றான். பதில் சொல்ல முடியவில்லை. துணியையும் வடகத்தையும் மிளகாயையும் எங்கே காய வைப்போம்? வெயிலில்தானே. தமிழில் ‘காய்’ என்ற சொல்லுக்குள்ளேயே வெயிலும் காற்றும் இருக்கின்றன. கேட்டவன் சரியாகத்தான் புரிந்துகொண்டான், சொன்னவன் நான்தான் தப்பு.

மரவேலையில் இந்தச் சொல் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், அதற்கு முன்பு இருந்த சாமான் எல்லாம் உண்மையிலேயே காய்கிறவைதான். பழைய தச்சர்கள் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த வச்சிரப்பசையைச் சுடவைத்துத் தடவினார்கள் (மீன் இல்லை, பசை). அது ஆறி, பிறகு அதிலுள்ள தண்ணீர் போய் ஒட்டும். ஃபெவிகாலும் தண்ணீர் போனால்தான் ஒட்டும். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டணத்தால் தேய்க்கிற பிரெஞ்சு பாலிஷில் ஸ்பிரிட் ஆவியாகிறது, அரக்கு தங்குகிறது. மூன்றிலும் ஏதோ ஒன்று வெளியேறுகிறது. எப்பாக்சியில் எதுவும் வெளியேறுவதில்லை. ரெசின் மூலக்கூறின் இரண்டு முனையிலும் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த சின்ன முக்கோண வளையம் இருக்கிறது, ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் அந்த வளையத்தை உடைத்துக்கொண்டு அங்கே தன்னைக் கோத்துக்கொள்கிறது. ஒரு அமீன் பல முனைகளைப் பிடிக்கும் என்பதால் நூலாக நீளாமல் வலையாகப் பின்னுகிறது. அவ்வளவுதான் நடப்பது.

சோதிக்கவும் எளிது. சமையலறைத் தராசு போதும். கரைப்பான் கலக்காத எப்பாக்சியை 20 கிராம் கலந்து ஒரு சிலிக்கோன் அச்சில் ஊற்றி எடை பார்த்தேன், அடுத்த வாரமும் அதே 20 காட்டியது. பாலிஷை இப்படிச் செய்து பாருங்கள், பாதிக்குமேல் காணாமல் போயிருக்கும். ஆக எனக்கு ஒரு கோடு கிடைத்தது: எடை குறைந்தால் காய்தல், குறையாமல் கல்லானால் இறுகுதல். இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் ஆளிவிதை எண்ணெய்கூட, அதாவது நாம் லின்சீட் ஆயில் என்று வாங்குவது, காய்கிற சாமான் இல்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது, எடை கொஞ்சம் கூடவும் செய்யும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும் என்பதும் இதனால்தான். காய்கிற துணி ஏன் தீப்பிடிக்கப்போகிறது?

இதில் கொத்தனார்கள் நம்மைவிடத் தெளிவு. சிமென்ட் ‘காய்ந்துவிட்டது’ என்று வீட்டுக்காரர்தான் சொல்வார். கொத்தனார், “இறுகட்டும் சார், தண்ணி விடணும்” என்பார். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அது காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, காய்ந்தால் வெடிக்கிறது. ஆக காய்வதும் இறுகுவதும் வேறு என்ற பிரிவினை தமிழில் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது, நாம் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

இனி மற்ற சொற்கள். எனக்கு அவற்றின்மேல் கோபம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் அதே பட்டறையில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

‘உறைதல்’ அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். தயிர் உறைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், சொல்லும்போதே படம் வருகிறது. ஆனால் மார்கழியில் தேங்காய் எண்ணெயும்தான் உறைகிறது, வெயிலில் வைத்தால் இளகிவிடுகிறது. எப்பாக்சி ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், சூடாக்கினால் தளரும், கருகும், திரும்ப ஓடாது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கலக்காத ரெசினே குளிரில் பாட்டிலுக்குள் பழைய தேன் மாதிரி வெள்ளையாகப் பூத்து உறைந்துபோகும். அதில் பயப்பட ஒன்றுமில்லை, பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்துவிடும். இப்போது இரண்டுக்கும் ‘உறைதல்’ என்றே எழுதினால், “ரெசின் உறைந்துவிட்டது, என்ன செய்ய?” என்று கேட்பவருக்கு வெந்நீர் சொல்வதா, தூக்கிப்போடச் சொல்வதா?

‘பதப்படுத்துதல்’ தோலுக்கும் மீனுக்கும் உரியது, மரத்துக்கும் உரியது. பச்சை மரத்தை அடுக்கிவைத்து ஈரம் இறக்குவதை அப்படித்தான் எழுதுகிறோம். ஒரே பக்கத்தில் ‘பதப்படுத்திய மரத்தில் ரெசினை ஊற்றிப் பதப்படுத்தவும்’ என்று வந்தால் படிப்பவன் பாவம். ‘கெட்டிப்படுதல்’ குழம்புக்கு ஆவது. பட்டறையில் அதற்கும் வேலை உண்டு, வெடிப்பை அடைக்க ரெசினில் மரத்தூள் சேர்த்துக் குழைக்கிறோமே, அதுதான் கெட்டியாக்குதல். கெட்டியாக்கினாலும் அது இன்னும் இறுகவில்லை.

எந்திர மொழிபெயர்ப்பு பற்றியும் ஒரு வரி. நான் வாங்கிய ஒரு டப்பாவில் ‘72 மணி நேரத்தில் முழுமையாகக் குணமடையும்’ என்று அச்சடித்திருந்தது, ‘க்யூர்’ என்றால் நோய் தீர்வது என்றும் பொருள் உண்டே. நாம் மெத்தனமாக இருந்தால் கடைசியில் அந்தச் சொல்தான் நிற்கும்.

இறுகுதலை ஏற்றுக்கொண்டால் மற்றவை தானாக விழுகின்றன. இறுகுநேரம், இறுகாத ரெசின், முழு இறுக்கம். தொட்டால் ஒட்டாத நிலையையும் முழு இறுக்கத்தையும் பிரித்துச் சொல்வது முக்கியம். 25 டிகிரிச் சூட்டில் பெரும்பாலான பூச்சு ரெசின்கள் ஒரு நாளில் தொடுகிற பதம் வந்துவிடும், முழுதாக இறுக ஏழு நாள்வரை ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லா அநியாயமும் நடக்கிறது. ‘காய்ந்துவிட்டது’ என்று நினைத்து மூன்றாம் நாள் சுடச்சுட காபி டம்ளரை வைக்கிறோம், வட்டமாகத் தடம் விழுகிறது (முழுதாக இறுகியபிறகும் பல பூச்சு ரெசின்கள் 50, 60 டிகிரியில் தளரத்தான் செய்யும், அதனால் டபராவோடு வையுங்கள்). இன்னும் மோசம், அரைகுறையாக இறுகியதை முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. வினைபுரியாத பகுதி அந்தத் தூளில் இருக்கும், தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், ஒருமுறை வந்தால் போகாது.

நடுவில் வரும் நிலைகளுக்குப் பெயர் தேடி அலைய வேண்டாம், பாகு காய்ச்சுகிறவர்களிடம் கடன் வாங்கலாம். கலந்தவுடன் தேன்பதம். குச்சியால் தூக்கினால் நூல் இழுப்பது கம்பிப்பதம், இதற்குமேல் ஊற்றினால் மட்டமாகப் பரவாது. அப்புறம் ஜவ்வுப்பதம். கைக்கருவிக்காரர்களுக்கு இந்த மூன்றாவதுதான் பொன்னான நேரம். மூட்டிலிருந்து வழிந்த ரெசினை உளியின் நுனியால் நெம்பினால் நாடா மாதிரி உரிந்து வரும். அதை விட்டுவிட்டு மறுவாரம் செதுக்கப் போனால் உளியின் கூர் போகும், கூடவே மரத்தின் நாரும் பிய்ந்து வரும். என் கை அனுபவத்தில் இரண்டாம் நாள் இழைத்தால் ரெசினும் சீவலாகச் சுருண்டு வருகிறது, பத்தாம் நாள் பொடியாகத்தான் உதிர்கிறது.

‘பாட் லைஃப்’, அதாவது கலந்த ரெசின் ஊற்றுகிற பதத்தில் இருக்கும் நேரம், இதற்கு ‘கிண்ண ஆயுள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், கிண்ணத்துக்கு ஆயுள் கெட்டி, கலவைக்குத்தான் இல்லை. என் யோசனை ‘கெடு’. கலவைக்கெடு 30 நிமிடம். கடன்காரன் கெடு வைப்பதுபோல, அதைத் தாண்டினால் விபரீதம். கெட்டுப்போவது என்ற பொருளும் உள்ளே தொக்கி நிற்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் காலாவதித் தேதியோடு இது குழம்பும் என்று யாராவது சொல்லலாம், அதற்குத்தான் முன்னால் ‘கலவை’யைச் சேர்த்தேன். இந்தக் கெடு நிலையானதும் இல்லை. சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பட்டறைக் கணக்கு, சித்திரை மாதச் சென்னையில் டப்பாவில் போட்டிருக்கும் நிமிடத்தை நம்பி உட்கார முடியாது. இறுகும்போது அதுவே சூட்டைக் கக்குகிறது. அகலமான தட்டில் பரப்பினால் சூடு போய்விடும், டம்ளரில் குவித்து வைத்தால் எருக்குழி மாதிரி உள்ளுக்குள்ளேயே சேர்ந்து, புகைந்து, பிளாஸ்டிக் டம்ளர் இளகும் அளவுக்குப் போகும். இதற்கு ‘உள்சூடு’ போதும் என்று நினைக்கிறேன். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

பெயர்ச்சொற்களுக்காக நான் சண்டை போடவில்லை. எப்பாக்சி எப்பாக்சியாகவே இருக்கட்டும். 1946இல் சீபா என்ற சுவிஸ் நிறுவனம் அரால்டைட் என்று பெயரிட்டுக் கொண்டுவந்தது, இன்று பெட்டிக்கடைவரை அந்த இரண்டு ட்யூப் வந்துவிட்டது, யாருக்கும் கஷ்டமில்லை. ரெசினைப் ‘பிசின்’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். வேப்பம்பிசினும் கருவேலம்பிசினும் தண்ணீரில் ஊறும், கரையும். ரெசின் அந்தச் சாதி இல்லை, குங்கிலியத்தின் சாதி. செயற்கைக் குங்கிலியம் என்று சொன்னால் சாம்பிராணி வாசனை வருகிறது, வேண்டாம், ரெசினே இருக்கட்டும். பெயர் கடனாக வந்தால் கை கெடாது, வினைச்சொல் தப்பாக வந்தால் பலகை போய்விடும்.

ஹார்டனரை ‘வினையூக்கி’ என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம், இது வெறும் சொல் ருசி இல்லை. கடற்கரையில் பைபர் படகைப் பழுது பார்க்கிறவர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசினில் ஒரு திரவத்தை 100க்கு ஒன்று, இரண்டு என்று ஊற்றுகிறார்களே, அது வினையைத் தொடங்கிவைக்கிறது, பாலில் உறைமோர் விடுவதுபோல. அங்கே வெயிலுக்குத் தகுந்தபடி கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். அந்தப் பழக்கத்தில் எப்பாக்சிக்கும், “சீக்கிரம் ஆகட்டும்” என்று ஹார்டனரைக் கூட ஊற்றுகிறார்கள். எப்பாக்சியில் அது மோர் இல்லை, பாதி மாவு. ஒவ்வொரு துளிக்கும் ஒரு ஜோடி வேண்டும். ஜோடி கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கி, பலகை வாரக்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும். ஊக்கி என்ற சொல் கூட ஊற்றச் சொல்கிறது.

அப்படியென்றால் ஹார்டனருக்கு என்ன சொல்? ‘இறுக்கி’ என்று முதலில் குறித்து வைத்திருந்தேன், இறுகுதலோடு பொருந்தியும் வருகிறது. நேற்று என்னோடு வேலை பார்த்த ஆசாரி அண்ணனிடம், “அந்த இறுக்கிய எடுங்கண்ணே” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் க்ளாம்பை எடுத்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, பலகையை இறுக்குவது அதுதானே. ‘துணைத்திரவம்’ என்றால் ஏதோ ஒத்தாசைக்கு வந்தது மாதிரி இருக்கிறது, ‘இணைத்திரவம்’ பரவாயில்லை, ஆனால் வாயில் வர மாட்டேன் என்கிறது. உங்களில் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை நான் ஹார்டனர் என்றே எழுதப்போகிறேன்.