மறு: ‘கிளிட்ச்’ – வழுவா, பிசிறா, சொடுக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்னணு இசைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், ‘ஆம்பியன்ட்’ (ambient) வகைக்குச் ‘சூழிசை’யா, ‘பின்னணி இசை’யா, ‘சூழல் இசை’யா என்று வந்த மடல்களை ஒரே மூச்சில் படித்தேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை, ‘சூழிசை’க்கே என் வாக்கு. ‘பின்னணி இசை’ என்றதும் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். முன்னால் ஒரு காட்சி இருந்தாக வேண்டும் என்று அந்தச் சொல்லே கேட்கிறது. ‘சூழல் இசை’ என்றால் மழை, பறவை, கடல் என்று பதிவுசெய்த ஒலிகளை எதிர்பார்ப்பார்கள். 1978-இல் பிரிட்டன் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டு உருவாக்கியபோது, கவனித்துக் கேட்டாலும் கவனிக்காமல் விட்டாலும் இரண்டுக்கும் இடம் தரும் இசை என்றே இந்த வகையை விளக்கினார். ‘சூழிசை’ வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. தொடக்கமும் முடிவும் துலங்காமல் ஒலிக்கும் இசைக்கு அது எவ்வளவு பொருத்தம்!

சரி, சிக்கல் ‘கிளிட்ச்’சில்தான் (glitch). கருவி தடுமாறும்போது எழுவது போன்ற ஒலிக்கும், அத்தகைய ஒலிகளால் ஆன இசைவகைக்கும் அதுவே பெயர். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோவும், ஆல்வா நோட்டோ என்ற பெயரில் இசையமைக்கும் ஜெர்மானியர் கார்ஸ்டன் நிக்கோலாயும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ‘வ்ரியூன்’ தட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது அந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்திகூட நகராது. சகாமோட்டோ பியானோ வாசிக்கிறார். நிக்கோலாய் அந்தப் பதிவை வெட்டி, நீட்டி, சைன் அலைகள் எனப்படும் கலப்பற்ற மின்னொலிகளையும் மிகச் சிறிய துடிப்பொலிகளையும் சேர்க்கிறார். அந்தத் துடிப்பொலிகளை எப்படிச் சொல்வது?

‘வழு’ என்றும் ‘பிழையிசை’ என்றும் இரு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. அதற்கு நியாயம் உண்டு. 1990-களில் ஜெர்மனியின் ஓவல் இசைக்குழுவினர் குறுந்தட்டுகளை வேண்டுமென்றே கெடுத்து, அவை திக்கித் தாவும் ஒலியிலிருந்தே இசை செய்தார்கள். இசையமைப்பாளர் கிம் காஸ்கோன் 2000-இல் எழுதிய கட்டுரையும் தொழில்நுட்பம் தோற்கும் இடத்தில் பிறக்கும் அழகியல் என்றுதான் இதை விளக்கியது. ஆனால் ‘வழு’, நிரலில் உள்ள பிழை (bug) என்ற பொருளில், மென்பொருள்காரர்களிடம் போய் வெகுகாலம் ஆயிற்று. அதோடு, வழு என்றால் திருத்தப்பட வேண்டியது. இந்த இசையில் யாரும் எதையும் திருத்தப் போவதில்லை.

என் பரிந்துரை ‘பிசிறு’. பாடகரின் குரலில் பிசிறு தட்டியது என்கிறோம். துணி ஓரத்தில் நூல் பிரிந்து நிற்பதும் பிசிறுதான். சுருதி பிசகவில்லை, தாளம் தப்பவில்லை, ஆனாலும் ஒலியின் விளிம்பு கலைந்திருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இசை கேட்பவர்கள் ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால் விளக்கம் எழுதவும் தேவைப்படாது. வகைப்பெயராக ‘பிசிறிசை’ என்றும் இயல்பாக வரும்.

ஆனால் ‘வ்ரியூன்’ தட்டை மறுபடி கேட்டால் ‘பிசிறு’ அங்கே சரியாக உட்காரவில்லை! நிக்கோலாயின் ஒலிகளில் கலைந்த விளிம்பே கிடையாது. ஊசிமுனை போலச் சுத்தமானவை, அளந்து வைத்தவை. அவற்றைச் ‘சொடுக்கு’ என்பதே சரி. விரல் சொடுக்கும் ஒலியின் குறுமையும் கூர்மையும் அதில் இருக்கின்றன. சுட்டியைச் சொடுக்குவதோடு குழம்பும் என்று ஒரு நண்பர் அஞ்சுகிறார். இசைக் கட்டுரைக்குள் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

பிசிறு எங்கே பொருந்தும் என்றால், அதே சகாமோட்டோ கிதார் கலைஞர் கிறிஸ்டியன் ஃபென்னெஸோடு சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ‘சாந்த்ர’ தட்டில். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குச் சாம்பல் என்று பொருள். ஃபென்னெஸின் கிதாரும் கணினியும் எழுப்பும் ஒலி பொடிப்பொடியாக உதிர்ந்து பியானோவின் மேல் படிகிறது. அதைச் சொடுக்கு என்றால் அநியாயம். ஒரே பியானோ கலைஞர், இரு கூட்டாளிகள், இருவேறு ஒலிகள். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போடுகிறார்கள் என்பதற்காக நாமும் அப்படியே செய்யத் தேவையில்லை. கையில் இரண்டு நல்ல சொற்கள் இருக்கும்போது இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

அப்புறம், எழுந்த ஒலி அடங்குவதைக் குறிக்கும் ‘டிகே’வுக்குச் (decay) ‘சிதைவு’ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கதிரியக்கப் பாடத்தில் அது நிலைத்துவிட்டது. பியானோக் கட்டை அழுத்தப்பட்டதும் சுத்தியல் கம்பியில் பட்டு ஒலி சட்டென எழுகிறது. அந்தக் கணத்திலிருந்தே அடங்கத் தொடங்குகிறது. எதுவும் உடையவில்லை, ஒலி தேய்கிறது. ஒலி எழும் கணத்தைக் குறிக்கும் ‘அட்டாக்’குக்கு (attack) ‘எழல்’, ‘டிகே’வுக்குத் ‘தேய்வு’ என்று இணையாக வைத்தால் போதும். இந்த வகைத் தட்டுகளைப் பேச இந்த இணை மிக அவசியம். பதிவில் எழலை வெட்டிவிட்டுத் தேய்வை மட்டும் ஒலிக்கவிட்டால் அது பியானோ என்றே பலருக்கு அடையாளம் தெரியாது. பியானோவும் மின்னொலியும் ஒன்றுக்குள் ஒன்று கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கருவியின் முகமே எழலில் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுத நம்மிடம் சொல் இருக்க வேண்டாமா?

திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் துண்டான ‘லூப்’ (loop) மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘மடக்கு’ நிரலாளர்களுடையது. ஈனோ 1978-இல் பயன்படுத்தியவை வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடாத் துண்டுகள். முனையோடு முனை ஒட்டிச் சுற்றவிட்டதால் அவை ஒன்றோடொன்று சேரும் இடம் மாறிக்கொண்டே போனது. நாடாவுக்கு ‘வளையம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கணினியில் வளையமாக எதுவும் இல்லை. அங்கே ‘சுழல்’ நிற்குமா என்று இசை மென்பொருளில் வேலைசெய்யும் நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.