ஆல்பர்ட்டா கனடாவின் டெக்சாஸா?

டெக்சாஸின் ஹூஸ்டன், டாலஸ் பக்கமிருந்து ஆல்பர்ட்டாவின் கால்கரிக்கோ எட்மன்டனுக்கோ வரப்போகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். பாதி உண்மை.

1947இல் எட்மன்டன் அருகே லெடூக்கில் எண்ணெய் கிடைத்த நாளிலிருந்து இந்த மாகாணத்தின் பிழைப்பு கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்குகிறது. 2014 கடைசியில் விலை சரிந்தபோது கால்கரியில் அலுவலகங்கள் மாடி மாடியாகக் காலியாயின. எண்ணெய்த் துறை வேலையென்றால் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருங்கள். டெக்சாஸ் போலவே மின்சாரத்துக்கும் நீங்களே கம்பெனி பார்த்து எடுக்கலாம். பரப்பளவும் ஏறக்குறைய டெக்சாஸ் அளவு. ஆனால் அங்கே 2020இல் 2.9 கோடிப் பேர். இங்கே 2021இல் 43 லட்சம்தான்.

வரியில்தான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, இங்கே உண்டு. மாறாக, மாகாண விற்பனை வரி இல்லாத ஒரே கனடிய மாகாணம் இதுதான்; மத்திய அரசின் 5% ஜிஎஸ்டியோடு சரி. ஒன்டாரியோவில் 13%. கடையில் பில் போடும்போது, தெற்கே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மொன்டானாதான் நமக்குப் பங்காளி. அங்கேயும் விற்பனை வரி இல்லை.

சம்பளத்தை டாலருக்கு டாலர் ஒப்பிட்டு மனம் உடைபவர்கள் மருத்துவத்தையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவில் வேலை போனால் இன்சூரன்ஸும் ஆட்டம் காணும். இங்கே டாக்டர், ஆஸ்பத்திரிச் செலவு மாகாணத்தின் பொறுப்பு, மாதப் பிரீமியமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து நேராகக் குடியேறுபவர்கள் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் வந்த நாளிலிருந்தே கணக்கு. டொரொன்டோவிலிருந்து மாறுபவர்களுக்கு அப்படியில்லை, மூன்றாவது மாதம் பிறந்த பிறகுதான். அதுவரை பழைய ஒன்டாரியோ கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பல், கண்ணாடி, மாத்திரை இதில் பெரும்பாலும் வராது. வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், கம்பெனி அதற்கு இன்சூரன்ஸ் தருமா என்று கேளுங்கள். சம்பளத்தில் ஆயிரம் கூடக் கேட்பதைவிட லாபம்.

கார் இன்சூரன்ஸ் தனியார் கையில். புதிதாக வருபவரிடம் தீட்டிவிடுவார்கள். அமெரிக்கக் கம்பெனியிடம் விபத்தில்லாத வருடங்களுக்குக் கடிதம் வாங்கி வாருங்கள். அமெரிக்க லைசென்ஸைத் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். நம்மூர் லைசென்ஸுக்குத் தேர்வு உண்டு.

குளிர்? எட்மன்டனில் மைனஸ் 30 வரை போகும் நாட்களும் உண்டு. கால்கரியில் சினூக் என்கிற, மலைப்பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று அடித்தால் சில மணி நேரத்தில் பனி உருகும், மறுநாளே மறுபடி உறையும். கார் வாங்கும்போது குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கனத்த கோட்டை டெக்சாஸில் தேடாதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள்.