மறு: மசில் காருக்குத் தமிழில் என்ன சொல்வது? – ‘மல்லுந்து’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நடுத்தர அளவு உடலில் பெரிய பொறி வைத்த அமெரிக்க வேகக் கார்களை ஆங்கிலத்தில் ‘மசில் கார்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தசைச் சீருந்து, கட்டுடல் மகிழுந்து, வல்லுந்து, முரட்டுக் கார். ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கவே இந்த மடல். அதற்கு முன் வந்த சொற்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> ‘தசைச் சீருந்து’ என்று போட்டால் போதாதா? நேரடியான சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் என் கவலை, ஐயா. தசை என்றதும் நம் நினைவுக்கு வருவது தசைப்பிடிப்பு, அப்புறம் இறைச்சி. ஆங்கிலத்தில் ‘மசில்’ என்ற சொல்லோடு பலம், மிரட்டல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அந்த வேலையைத் தசை செய்வதில்லை. நாம் ஆள்பலம் என்கிறோம், புஜபலம் என்கிறோம். ‘தசை காட்டினான்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் பாதியில் மாறிக்கொண்ட பெயர்தான் இது. இந்த வண்டிகள் தெருவில் ஓடத் தொடங்கிய காலத்தில் அமெரிக்கக் கார் இதழ்கள் பெரும்பாலும் ‘சூப்பர் கார்’ என்றே எழுதின. மசில் கார் என்பது பிற்பாடு நிலைத்த பெயர். ஆகவே அந்த உறுப்பின் பெயரை அப்படியே கொண்டுவந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

‘கட்டுடல்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தோற்றத்தைச் சொல்லும் சொல். இந்த வகையின் முதல் வண்டி என்று பலரும் ஒப்புக்கொள்ளும் 1964 பாண்டியாக் ஜிடிஓ பார்வைக்கு எவ்வளவு சாதாரணமானது தெரியுமா? குடும்பத்தோடு கடைக்குப் போய்வரும் டெம்பெஸ்ட் வரிசைக் காரின் அதே உடல். முன்மூடியில் இருந்த இரண்டு காற்றுத் துளைகள்கூட வெறும் அலங்காரம். காற்று அவற்றின் வழியே உள்ளே போகாது. விஷயம் முழுக்க மூடிக்குக் கீழே இருந்தது.

அங்கே என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொருளைச் சரியாகப் பிடித்தால்தான் சொல் அமையும்.

1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நிறுவனங்கள் கார்ப் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. பந்தய வெற்றிகளைக் காட்டியே கார் விற்றுவந்த, அதன் பிரிவுகளில் ஒன்றான பாண்டியாக்குக்கு அது பெரிய அடி. இன்னொரு விதியும் இருந்தது: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேற்பட்ட பொறி கூடாது. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியன், உடன் பணியாற்றிய பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகியோர் பெரிய காருக்கென்று செய்த 389 கன அங்குல வி-8 (எட்டு உருளை) பொறியை நடுத்தர உடலில் வைத்துப் பார்த்தார்கள். வெளி அளவு ஒன்றாக இருந்ததால் அது சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. விதி? புது மாதிரியாக அறிவித்தால்தானே மேலிடத்து ஒப்புதல் வேண்டும். டெம்பெஸ்ட் வரிசையின் லெமான்ஸ் காருக்கு ஜிடிஓ என்ற விருப்பத் தெரிவாக, 300 டாலருக்குக் கொஞ்சம் குறைவான கூடுதல் விலையில், விலைப்பட்டியலுக்குள் சேர்த்துவிட்டார்கள். விற்பனைத் துறை 5,000 வண்டி போகும் என்று கணக்குப் போட்டது. முதல் ஆண்டிலேயே 32,450 போயின.

389 கன அங்குலம் என்றால் 6.4 லிட்டர்; திறன் 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலந்து பொறிக்குக் கொடுக்கும் கருவி) வைத்த வகையில் 348. இந்த மூன்றும் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் இருப்பது மட்டும் எரிபொருள் கொடுக்கும். மிதியை அழுத்தி மிதித்தால் முன்னாலும் பின்னாலும் உள்ள மற்ற இரண்டும் திறந்துகொள்ளும். அலுவலகத்துக்கு அமைதியாகப் போய்வரும் கார், வலது கால் ஆழப் பதிந்தால் வேறு கார்.

ஆகவே பொருள் இதுதான்: நடுத்தர அளவில் இரண்டு கதவு உடல், அதில் பெரிய காரின் வி-8 பொறி, பின்சக்கர உந்தல், இளைஞன் தவணையில் வாங்கக்கூடிய விலை, நேர்கோட்டில் எழும் வேகம். இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் அந்த வகை. வளைவில் லாவகமாகத் திரும்புவது அதன் பெருமையாக என்றைக்கும் இருந்ததில்லை.

> ‘முரட்டுக் கார்’ மக்கள் வாயில் உடனே நிற்கும்.

நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் முரடு என்றால் கல்லிலும் சேற்றிலும் ஏறுகிற ஜீப் வகையைத்தான் நினைப்பார்கள். அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

‘வல்லுந்து’ நல்ல சொல். வல்லரசு, வல்லினம், வல்லூறு என்று பழகிய வரிசையில் வருகிறது. இரண்டு நாள் நானும் அதன் பக்கம்தான் இருந்தேன். ஆனால் இன்று சூப்பர் கார் என்ற பெயர் ஃபெராரி, லம்போர்கினி போன்ற, கோடிகளில் விலைபோகும் வண்டிகளுக்குப் போய்விட்டது. அவற்றுக்கும் நாளைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். வல்லுந்து அங்கே அச்சாகப் பொருந்தும். இங்கே செலவழித்துவிட்டால் அங்கே திண்டாடுவோம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்: மல்லுந்து.

மல் என்றால் வலிமை, மற்போரும் அதுதான். மல் + உந்து. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். கல் + உப்பு கல்லுப்பு ஆவதைப் போல. பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து, சரக்குந்து வரிசையில் இடறாமல் உட்காருகிறது.

இது எனக்குத் தோன்றிய இடத்தைச் சொன்னால் ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்கும். டெட்ராய்ட்டில் உட்வர்டு அவென்யூ என்ற நெடுஞ்சாலை இருக்கிறது. நகரின் ஆற்றங்கரையிலிருந்து வடமேற்கே பாண்டியாக் ஊர்வரை போகும். (ஊருக்கும் காருக்கும் பெயர் கொடுத்தவர் ஒடாவா மக்களின் தலைவர் பாண்டியாக், 1763-இல் ஆங்கிலேயரின் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டவர்.) 1960-களில் இரவு நேரங்களில் இந்தச் சாலையில்தான் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் போட்டி போட்டார்கள். 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்களெல்லாம் அங்கே ஊர்வலமாக வருகின்றன. வேலை நிமித்தம் அந்தப் பக்கம் இருந்த ஆண்டுகளில் தவறாமல் போவேன்.

ஒருமுறை சாலையோரப் புல்வெளியில் கருநீல ஜிடிஓ ஒன்று நின்றிருந்தது. முன்பக்க மட்கார்டில் ‘6.5 லிட்டர்’ சின்னம் (உண்மையில் 6.4தான், சின்னத்தில் கூட்டிப் போட்டிருந்தார்கள்). உரிமையாளர் எழுபது வயதுப் பெரியவர். மூடியைத் திறந்து காட்டிவிட்டு, “தள்ளி நின்று பாருங்கள்” என்றார். பொறியை ஓடவிட்டார். சீரான உறுமல் இல்லை. விட்டு விட்டு, திணறுவதுபோல, தரை வழியாகக் கால் எலும்பில் ஏறும் ஓசை. பிறகு நின்ற இடத்திலேயே மிதியை ஒரு தட்டுத் தட்டினார். கார் நகரவில்லை. ஆனால் முழு உடலும் ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்து மீண்டும் நிமிர்ந்தது. நீளவாட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய பொறி திடீரெனச் சுழலும்போது அதன் எதிர்முறுக்கு உடலைச் சாய்க்கிறது, இயற்பியல் அவ்வளவுதான். எனக்கு அது கோதாவில் இறங்கியவன் தோள் தட்டுவதைப் போலவே இருந்தது. பக்கத்தில் அதே வகையைச் சேர்ந்த மஞ்சள் ஷெவர்லே ஷெவெல் ஒன்று நின்றிருந்தது. அதன் சொந்தக்காரரும் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினார். இரண்டும் மாறி மாறித் தோள் சாய்த்தன.

அன்று மனத்தில் விழுந்த சொல் ‘மல்லுக்கு நிற்கிறது’ என்பது. அதையேதான் இந்த வண்டிகள் செய்துவந்தன. அவற்றின் போட்டி எப்போதும் இருவருக்கு இடையில்: பக்கத்தில் பக்கம் நின்று, விளக்கு பச்சைக்கு மாறியதும் கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும். கூட்டமாக ஓடும் சுற்றுப் பந்தயம் வேறு; இது ஒருத்தனுக்கு ஒருத்தன். தசை, கட்டுடல், வல் எதிலும் இந்த எதிராளி இல்லை. மல்லில் இருக்கிறான்.

இழையில் எழுந்த, இனி எழக்கூடிய எதிர்ப்புகளுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

> பழஞ்சொல்லைத் தோண்டியெடுத்தால் யாருக்கும் புரியாமல் போகும்.

மல் புதைந்துபோன சொல்லே இல்லை, அம்மா. மல்லுக்கட்டு, மல்லுக்கு நிற்பது என்று அன்றாடம் சொல்கிறோம். செய்தித்தாளில் மல்யுத்தம் வருகிறது. மாமல்லன் பெயரில் ஊரே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் மல்லுந்து என்றதும் ‘ஏதோ சண்டைக்காரக் கார்’ என்றாவது தட்டும். அதுவே பாதி வெற்றி.

வடசொல் என்று சிலர் ஒதுக்கக்கூடும். வடமொழியிலும் மல்ல என்று உண்டுதான். ஆனால் புறநானூற்றிலேயே ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி மற்போரில் வீழ்த்திய காட்சி இருக்கிறது, ஒரு கால் மார்பிலும் மறு கால் முதுகுப்புறமுமாக மடக்கிப்போட்டதுவரை. அத்தனை காலம் நம்மிடம் புழங்கிய சொல்லை எடுக்க நான் தயங்கமாட்டேன்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த வகைக் கார்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் இழை நண்பருக்காக ஒரு பத்தி:

“1968-இல் வந்த பிளிமத் ரோட் ரன்னர், மல்லுந்துகளை மீண்டும் எளியவர் கைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஜிடிஓ போன்றவை அலங்காரம் கூடி விலையேறியிருந்தன. பிளிமத் தரைவிரிப்பைக்கூட எடுத்துவிட்டு ரப்பர் பாய் போட்டது. 383 கன அங்குலப் பொறியில் 335 குதிரைத்திறன் கொடுத்து, விலையை 2,896 டாலரில் தொடங்கியது. கேலிச்சித்திரப் பறவையின் பெயருக்கும் படத்துக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, அந்தப் பறவையின் ‘பீப் பீப்’ குரலிலேயே ஹாரனையும் வைத்தது. மல்லுந்துக் காலத்தின் உச்சம் 1970. அந்த ஆண்டு ஷெவெல் எஸ்எஸ் 454-இன் எல்எஸ்6 பொறிக்கு 450 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது.”

எங்கும் இடறவில்லை என்றே நினைக்கிறேன். மல்லுந்துகளை, மல்லுந்துக் காலம், மல்லுந்துப் பிரியர் என்று வேற்றுமையும் தொகையும் தாராளமாக ஏற்கிறது. கட்டுடல் மகிழுந்துகளை என்று அதே பத்தியை எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

இதே கட்டுரைக்குத் தேவைப்படும் வேறு சில சொற்கள். கிரைஸ்லர் நிறுவனப் பொறியின் பெயரான ஹெமி என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும்போது ‘அரைக்கோள எரியறைப் பொறி’ என்று விளக்கிவிடலாம். 426 கன அங்குல ஹெமியைத் தெருவில் ஓடும் கார்களுக்கு 1966-இல் கொடுத்தார்கள். 425 குதிரைத்திறன் என்று சொல்லிக்கொண்டார்கள். 1968 டாட்ஜ் சார்ஜரில் அது இருந்தால் என் கண்ணுக்கு அதைவிட அழகான கார் இல்லை.

இன்னொன்று முக்கியம். குதிரைத்திறன் கணக்கில் இரண்டு முறை உண்டு. மொத்தக் குதிரைத்திறன்: பொறியைத் தனியே தாங்கியில் ஏற்றி, சைலன்சர் போன்ற துணைக்கருவிகள் மாட்டாமல் அளப்பது. நிகரக் குதிரைத்திறன்: காரில் இருப்பதுபோல எல்லாம் மாட்டி அளப்பது. நிகர லாபம் என்று பழகிய சொல்தான். 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் நிகரத்துக்கு மாறின. 1971 ஷெவெலின் ஒரு 454 பொறி மொத்தக் கணக்கில் 365. அதே பொறி நிகரக் கணக்கில் 285. இது தெரியாமல் ‘ஓராண்டில் பலம் பாதியாகிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். பலம் குறைந்ததும் உண்மைதான்: 1970-இன் தூய காற்றுச் சட்டம், ஈயமில்லாப் பெட்ரோலுக்காகக் குறைக்கப்பட்ட அமுக்க விகிதம், இளைஞர்களால் கட்ட முடியாத காப்பீட்டுத் தொகை, கடைசியாக 1973 அக்டோபரில் வந்த எண்ணெய்த் தடை. ஆனால் எண்ணிக்கையில் தெரியும் சரிவின் ஒரு பகுதி அளவுகோல் மாறியதால் வந்தது.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. 1964 ஏப்ரல் 17-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வந்த ஃபோர்டு மஸ்டாங்கை மல்லுந்து என்று எழுதக் கூடாது. அதன் வழிவந்த சிறிய கார்களுக்குப் போனி கார் என்று தனிப்பெயர் இருக்கிறது. அடிப்படை மஸ்டாங்கில் இருந்தது 101 குதிரைத்திறன் ஆறு உருளைப் பொறிதான். போனி என்பதற்கு நம்மிடம் மட்டக்குதிரை உண்டு. ஆனால் ‘மட்ட’ என்று தொடங்கும் பெயரை ஒரு காருக்கு வைக்க மனம் வரவில்லை. மட்டமான கார் என்று படித்துவிடுவார்கள். இப்போதைக்குப் ‘புரவியுந்து’ என்று குறித்து வைத்திருக்கிறேன். சின்னது என்ற பொருள் அதில் விடுபட்டுப்போகிறது. குதிரைக்குட்டியைக் குறிக்கும் வட்டார வழக்குச் சொல் உங்கள் பக்கம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தாலும் நல்லது.

அன்புடன்